தவணையைத் தள்ளவா, நகையை வைக்கவா, சீட்டாடிப் பார்க்கவா?

2020 ஜூன் மாதம், ஒரு மதியம். மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு படி தள்ளி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டபடி எதிர்வீட்டு அண்ணாச்சி. தன் போனை என் பக்கம் நீட்டினார். திரையில் இரண்டு குறுஞ்செய்திகள். ஒன்று வங்கியிலிருந்து: கடன் தவணையைத் தள்ளிப்போட விருப்பமென்றால் 'எஸ்' என்று பதில் அனுப்பவும். நான்கு நிமிடம் கழித்து வந்த இன்னொன்று ஒரு ரம்மி ஆப்பிலிருந்து: இன்றே சேர்ந்தால் போனஸ்.

"தம்பி, ரெண்டு பேருமே காசு தாரேங்கான். எவன் பேச்சைக் கேக்க?"

அண்ணாச்சிக்குத் தாராவியில் இட்லி வியாபாரம். விடியற்காலையில் ஆவி பறக்கும் இட்லியைப் பாத்திரத்தில் ஏற்றி, ஆள் வைத்து நகரம் முழுக்க அனுப்புகிறவர். ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட பிறகு அந்த அடுப்பு எரியவில்லை. வேலையாட்கள் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பத்லாப்பூரில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கியிருந்தார். கடன் 20 லட்சம், 20 ஆண்டு. மார்ச், ஏப்ரல், மே தவணைகளைச் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டார். ஜூனுக்கு வழி தெரியவில்லை.

நான் பொருளாதார நிபுணன் இல்லை. சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து பிழைப்பவன். அன்று படியில் உட்கார்ந்து பால் பாக்கெட் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கையும், அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பெருந்தொற்றோ வேறு எதுவோ, வருமானம் சட்டென்று நின்றுபோகும் நாளில் இதே கேள்விதான் வரும்.

மும்பைக்கு வங்கியும் சூதாட்டமும் ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கி, நடக்கும் தூரத்தில் பங்குச் சந்தை இருக்கும் தலால் தெரு. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் பெரிய வங்கிகளின் தலைமை அலுவலகங்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும் அங்கேதான். இன்னொரு பக்கம் மட்கா என்ற சூதாட்டம், பெயருக்குப் பானை என்று பொருள். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலையை வைத்துப் பந்தயம் கட்டுவதில் தொடங்கி, 1960களில் கல்யாண்ஜி பகத்தும் ரத்தன் கத்ரியும் அதை எண் குலுக்கலாக மாற்றினார்கள். மில் தொழிலாளியின் கூலி அந்தப் பானைக்குள் போனது. 'மட்கா ராஜா' என்று பெயரெடுத்த கத்ரி இறந்தது 2020 மே 9, ஊரடங்கின் நடுவில். அந்தக் கோடையில் மகாலட்சுமி குதிரைப் பந்தய வளாகத்திலும், வங்கிக்காரர்கள் நடமாடும் பாந்த்ரா-குர்லா மைதானத்திலும் கொரோனா சிகிச்சைக் கூடாரங்கள் எழுந்தன.

ஆனால் இரண்டு தொழிலையும் நோய் அடித்த விதம் வேறு.

சூதாட்டத்துக்குக் கட்டடம் இருந்தால் கதவு மூடியது. மக்காவ் கேசினோக்கள் பிப்ரவரியிலேயே 15 நாள் அடைத்தன. அந்த ஆண்டு முழுவதும் அவற்றின் வருமானம் 79 சதவீதம் விழுந்தது. அமெரிக்காவின் நெவாடாவில் 78 நாள் பூட்டு. கோவாவில் நவம்பர் 1 வரை. இங்கே லாட்டரிக் கடைகளும் ரேஸும் நின்றன. கிரிக்கெட்டும் கால்பந்தும் நின்றுபோக, பந்தயம் கட்டாமல் இருக்க முடியாதவர்கள் பெலாரூஸ் நாட்டுக் கால்பந்து லீக்கைத் தேடிப் போனார்கள். உலகத்தில் நிற்காமல் ஓடிய மிகச் சில லீக்குகளில் அது ஒன்று. கட்டடமே இல்லாத சூதாட்டத்துக்கோ அது அறுவடைக் காலம். வீட்டில் அடைந்து கிடக்கும் ஆண்கள், கையில் போன், தலையில் கவலை. மார்ச்சில் ஆரம்பிக்க வேண்டிய ஐபிஎல் செப்டம்பர் 19 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் தொடங்கியபோது, தலைப்பு விளம்பர உரிமையை 222 கோடிக்கு எடுத்தது, பணம் கட்டிக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஆப்பான ட்ரீம் 11. ஊரே முடங்கிய ஆண்டில் யாரிடம் 222 கோடி இருந்தது என்று பாருங்கள்.

வங்கிக்குக் கதவு மூடவில்லை. அத்தியாவசியச் சேவை என்பதால் கிளைகள் திறந்தே இருந்தன. அடி விழுந்தது உள்ளே. கடன் வாங்கியவர்கள் கட்ட முடியவில்லை. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.15 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைத்தது, மே 22 அன்று 4 ஆக. தவணைகளை மூன்று மாதம், பிறகு இன்னும் மூன்று மாதம், ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைக்க அனுமதித்தது. ஏப்ரல் முடிவில் நிலுவைக் கடனில் ஏறத்தாழப் பாதி இந்தச் சலுகைக்குள் வந்துவிட்டது. வங்கிகள் பங்குதாரர்களுக்கு லாபப்பங்கு கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவு. வாராக்கடன் 8.5 சதவீதத்திலிருந்து 12.5 ஆக உயரலாம் என்று ரிசர்வ் வங்கியே ஜூலையில் கணித்தது. உயரவில்லை, குறைந்தது. சலுகைகளும் அரசு உத்தரவாதக் கடன்களும் அணை கட்டின.

ஆக, அண்ணாச்சியின் போனில் வந்த இரண்டு செய்திகளில் ஒன்று, பயந்துபோன தொழில் அனுப்பியது. மற்றது, கொழுத்துக்கொண்டிருந்த தொழில் அனுப்பியது.

இரண்டு லட்சமா, நாலாயிரத்து ஐந்நூறா?

தவணையைத் தள்ளுவதை முதலில் எடுத்தோம். 20 லட்சம், 8 சதவீத வட்டி, 240 மாதம். மாதத் தவணை 16,729 ரூபாய். தொடக்கத்திலேயே மூன்று மாதம் கட்டாவிட்டால் அந்த மூன்று மாத வட்டியாக 40,267 ரூபாய் அசலோடு சேரும். அதற்குப் பிறகு பழைய தவணையையே கட்டிவந்தால் கடன் எப்போது முடியும்? இங்கேதான் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். தள்ளிய மூன்று தவணைக்குப் பதிலாகக் கடைசியில் மூன்று அல்ல, தள்ளியதும் போக மேலும் 12 தவணைக்குச் சற்று அதிகம். கிட்டத்தட்ட 2 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய். ஆறு மாதமும் தள்ளியிருந்தால் 26 தவணை, 4 லட்சத்து 38 ஆயிரம்.

இது என் கற்பனைக் கணக்கு இல்லை. ஸ்டேட் பேங்கே அப்போது இப்படி ஓர் உதாரணம் வெளியிட்டது: 15 ஆண்டு மிச்சமிருக்கும் 30 லட்ச ரூபாய் வீட்டுக்கடனில் மூன்று மாதம் தள்ளினால் கூடுதல் வட்டி 2.34 லட்சம், அதாவது எட்டுத் தவணை. 54 மாதம் மிச்சமிருக்கும் 6 லட்ச ரூபாய் கார் கடனில் அதே மூன்று மாதத்துக்கு 19,000தான், ஒன்றரைத் தவணை. கடன் முடியும் தறுவாயில் இருந்தால் சேதம் கம்மி. அண்ணாச்சியின் கடனிலேயே இரண்டு ஆண்டு மட்டும் மிச்சமென்று வைத்துப் போட்டுப் பார்த்தேன், கூடுதல் சுமை அரைத் தவணைதான் வந்தது.

"அப்போ தள்ளக் கூடாதுங்கியா?"

நானும் அன்று அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். செய்தித்தாள்களும் அந்த வாரம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: மொரட்டோரியம் என்கிற இந்தத் தள்ளிவைப்பு ஒரு பொறி, வாங்காதீர்கள். ஆனால் நோட்டில் இன்னொரு வரி போட்டுப் பார்த்ததும் கதை மாறியது. அந்த இரண்டு லட்சம், 20 ஆண்டு சும்மா விட்டால் வரும் கூட்டு வட்டி. தள்ளிய மூன்று தவணைக்கு உண்டான தொகையை ஓராண்டு கழித்து ஒரே மூச்சில் கட்டினால்? 54,700 ரூபாய். கடன் பழைய தேதியிலேயே முடியும். உண்மையான கூடுதல் செலவு சுமார் 4,500 ரூபாய். மூன்று மாத முடிவிலேயே புரட்டிக் கட்ட முடிந்தால் 336 ரூபாய், வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறி.

அதே சலுகை, அதே வங்கி. ஒருவருக்கு 4,500, இன்னொருவருக்கு 2,07,000. வித்தியாசம் கடன்காரரின் சுபாவத்தில். வட்டி மாறும் வகை வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்ட வங்கிகள் அபராதம் போடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012லேயே தடுத்துவிட்டது, ஆகவே வங்கியின் பக்கத்தில் தடையும் இல்லை.

கூட்டு வட்டி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே தரும் என்று அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியில் அதைத் தீபாவளிப் பரிசு என்றார்கள். அண்ணாச்சியின் கணக்கில் வந்து விழுந்தது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். 20 லட்சத்துக்கு ஆறு மாதத் தனி வட்டி 80,000, கூட்டு வட்டி 81,345, அவ்வளவுதான் இடைவெளி. சுமையின் பெரும்பகுதி அந்த ஆறு மாதத்தில் இல்லை, அதற்குப் பிறகு வரும் 20 ஆண்டில் இருக்கிறது.

பீரோவில் இருக்கிற வங்கி

அடுத்தது நகை. அண்ணாச்சி வீட்டு மதினியின் இரட்டைவடச் சங்கிலியை வைத்தால் மூன்று தவணைக்கு வேண்டிய 50,000 கிடைக்கும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 6,000. தள்ளிப்போட்டு ஓராண்டில் கட்டும் 4,500ஐவிட இது அதிகம். காகிதத்தில் நகைக்கடன் தோற்றுவிட்டது.

காகிதத்தில்தான். அடகு வைத்த சங்கிலிக்கு வீட்டில் ஒரு வாய் இருக்கிறது. ஊரில் ஒரு கல்யாணம் வந்தால், ஆடி வெள்ளி வந்தால், கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அது கேட்கும். வங்கி கடைசியில் நீட்டிவைத்த 12 தவணையை யாரும் கேட்க மாட்டார்கள், 2040இல்தான் அது கண்ணில் படும். அதனால் நான் கணக்கெழுதும் கடைக்காரர்களில், கையில் காசு வந்தால் முதலில் கடனைப் பார்க்கிறவருக்குத் தவணைத் தள்ளலும், வந்த காசு வந்த வழியே போய்விடுகிறவருக்கு நகைக்கடனும் என்று சொல்ல ஆரம்பித்தேன். வட்டி மூன்று நான்கு சதவீதம் கூடினாலும் பரவாயில்லை. உறுத்துகிற கடன் சீக்கிரம் அடைபடும்.

நகையிலும் ஒரு குழி இருந்தது. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துவந்த கடனை 90 சதவீதம் வரை கொடுக்கலாமென்று வங்கிகளுக்கு அடுத்த மார்ச் வரை தளர்வு தந்தது. அதே வாரம் தங்கம் பத்து கிராம் 56,000 ரூபாயைத் தாண்டி உச்சத்தில் இருந்தது. அடுத்த மார்ச்சில் 45,000 பக்கம் வந்தது. உச்ச விலையில் 90 சதவீதம் வாங்கியவரின் நகை, கடனைவிட மதிப்புக் குறைந்துபோனது. வித்தியாசத்தைக் கட்டு, இல்லையென்றால் ஏலம். எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்காமல், எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எண்ணி வாங்கியவர்கள் தப்பினார்கள்.

வைப்புத்தொகையை உடைப்பது கணக்குப்படி எல்லாவற்றிலும் மலிவு. அந்த ஆண்டு ஓராண்டு எஃப்டிக்கு 5 சதவீதம் கிடைத்தாலே பெரிசு. 8 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 5 சதவீதத்தில் பணத்தைத் தூங்கவிடுவது வங்கிக்குத்தான் லாபம். ஆனால் அண்ணாச்சியிடம் இருந்த ஒரே எஃப்டி ஒன்றரை லட்சம். உடைக்க வேண்டாமென்று நானே தடுத்தேன். காரணம் ஆஸ்பத்திரி. மகாராஷ்டிர அரசு மே மாதத்தில் தனியார் மருத்துவமனைகளுக்கு உச்ச வரம்பு வைத்தது: சாதாரண வார்டு நாளுக்கு 4,000, தீவிர சிகிச்சை 7,500, வென்டிலேட்டரோடு 9,000. வரம்புக்கு உட்பட்டே பத்து நாள் வென்டிலேட்டர் என்றால் 90,000, மருந்து தனி. நோய்க்காலத்தில் கையிலிருக்கும் ரொக்கத்துக்கு வட்டி விகிதத்தில் தெரியாத ஒரு விலை உண்டு. ஊரே அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். யூபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 2020 அக்டோபரில் மாதம் 200 கோடியைத் தாண்டியது. அதே நிதியாண்டில் புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பும் 16.8 சதவீதம் கூடியது. போனிலும் பணம், தலையணைக்கு அடியிலும் பணம்.

எந்த வங்கியில் போடுவது என்பதும் இதில் சேர்ந்தது. ஊரடங்குக்குச் சில வாரம் முன்னால், மார்ச் 5 அன்று, யெஸ் பேங்கில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதென்று தடை விழுந்து 18ஆம் தேதிதான் நீங்கியது. அதற்கு முந்தைய செப்டம்பரில் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாமென்று உத்தரவு, அந்த வரம்பு ஒரு லட்சமாக உயரவே 2020 ஜூன் ஆனது. நோய் வந்த வேளையில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் நின்றார்கள். வைப்புக் காப்பீடு 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாகிவிட்டது. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளில் அந்தக் காப்பீட்டுத் தொகையைத் தர வேண்டுமென்ற திருத்தம் 2021இல் வந்தது. அரை சதவீத வட்டிக்காகப் பெயர் தெரியாத வங்கிக்கு ஓடுகிறவர்கள் அந்த 5 லட்சக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

பிஎஃப் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்தது: இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், எது குறைவோ அது. அண்ணாச்சிக்கு அது பொருந்தாது, எனக்கும் இல்லை.

மாதாமாதம் பணம் கட்டும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாராவியில் நம்மவர்களுக்குச் சீட்டு, மராட்டியர்களுக்கு பிஷி. நல்ல காலத்தில் இதைவிடச் சுலபமான கடன் கிடையாது, கையெழுத்துக்கூட வேண்டாம். ஆனால் சீட்டு ஓடுவது ஒருவருக்கு முடை வரும்போது மற்றவர்களிடம் காசு இருக்கும் என்ற நம்பிக்கையில். பெருந்தொற்றில் இருபது பேருக்கும் ஒரே மாதத்தில் முடை. எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா நடத்திய சீட்டு மே மாதத்தோடு நின்றது. முன்னாடியே எடுத்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், எடுக்காதவர்கள் அக்கா வீட்டு வாசலில். வங்கிக்கும் இதே வியாதி வரக்கூடியதுதான். அதன் பின்னால் நோட்டடிக்கும் ஒருவர் நிற்கிறார், அக்காவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

சூதாட்டம் என்ற கடன்

அண்ணாச்சி அன்று என்னிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த ரம்மி ஆப்பில் அவர் ஏற்கெனவே நான்கு ராத்திரி ஆடியிருந்தார். ஊரில் திண்ணையில் சீட்டு விளையாடி வளர்ந்த கை. முதல் ராத்திரி 500 போட்டு 1,900 ஆனது. நான்காம் ராத்திரி முடிவில் 11,400 போயிருந்தது. ஒரு தவணையில் மூன்றில் இரண்டு பங்கு. மதினிக்குத் தெரிந்தது பால்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த காசு இல்லாதபோது.

சிலர் சூதாட்டத்தைக் கெட்ட பழக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பண முடையில் இருக்கிறவருக்கு அது பழக்கமாகத் தெரியாது, கடனாகத்தான் தெரியும்: வட்டியில்லாத, கையெழுத்தில்லாத, உடனே கிடைக்கிற கடன். அதனால் அதையும் மற்றக் கடன்களோடு ஒரே நோட்டில் எழுதி விலை பார்க்க வேண்டும்.

ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடினால் மேசையில் 600. நடத்துகிறவர் அதில் 10 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்கள் சம பலமுள்ளவர்கள், வந்ததையெல்லாம் திரும்ப வைக்கிறார்கள். முதல் சுற்று முடிவில் 540, அடுத்து 486. ஏழாவது சுற்று முடியும்போது 287. ஏழு கைச் சீட்டில் மேசையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஆடாத ஒருவரிடம் போய்விட்டது. நகைக்கடனில் அந்தப் பாதியை வட்டியாகக் கட்ட நான்கு வருஷம் ஆகும், இங்கே ஒரு மணி நேரம். மட்காவும் இதே கணக்குதான்: பத்து எண்ணில் ஒன்று, ஜெயித்தால் ரூபாய்க்கு ஒன்பது. பானை காலத்தில் எடுத்த அந்தப் பத்தாவது ரூபாயைத்தான் போனும் எடுக்கிறது. மட்கா நாளுக்கு இரண்டு முறை குலுக்கியது, போன் சில நிமிடத்துக்கு ஒரு முறை.

திறமை ஆட்டம் என்று வாதாடுவார்கள். ரம்மியில் திறமைக்குப் பெரும்பங்கு உண்டென்று 1968இல் உச்ச நீதிமன்றமே சொன்னது உண்மை. அந்தத் திறமை உங்களிடம் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் எதிரே உட்காருபவரிடம் இருக்கிறதா என்பதுதான் தெரியாது. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது, அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. கர்நாடகத்திலும் அதே கதை. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் இயற்றியது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அவற்றுக்கான பணத்தை வங்கிகள் கடத்தவும் கூடாது. பிரிட்டன் 2020 ஏப்ரல் 14 அன்று கிரெடிட் கார்டில் சூதாடுவதைத் தடுத்தது. இரண்டு தொழிலும் சந்திக்கும் இடம் பணம் செலுத்தும் வழிதான், அங்கே பூட்டினால்தான் பூட்டு. இருந்தாலும் அடுத்த நோய்க்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வேறு பெயரில் ஒரு குறுஞ்செய்தி வராது என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அதைவிட எனக்குப் பயம் சூதாட்டத்தின் கௌரவமான உறவுக்காரரான பங்குச் சந்தையிடம். சென்செக்ஸ் 2020 மார்ச் 23 அன்று 25,981க்கு விழுந்தது, அடுத்த ஜனவரியில் 50,000ஐத் தொட்டது. அந்த நிதியாண்டில் பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குகள் 4.1 கோடியிலிருந்து 5.5 கோடியாயின. பங்கு வாங்கி வைத்தவர்கள் சம்பாதித்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் என் கடைக்காரர்களின் பிள்ளைகள் நுழைந்தது எஃப் அண்ட் ஓ பக்கம், விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் போலக் கட்டும் ஒப்பந்தங்கள். செபி பிறகு கணக்குப் பார்த்துச் சொன்னது: 2021-22இல் அதில் இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதம் பேருக்கு நஷ்டம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளுக்குப் பார்த்தபோது 93 சதவீதம், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பேரல் கழித்தல் 37.63 டாலருக்குப் போனது. எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே எப்படிப் போகும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு மும்பைச் சரக்குச் சந்தை கழித்தல் 2,884 ரூபாய்க்குக் கணக்கு முடித்தது. வாங்கியவர் விலையையும் இழந்து, மேலே காசும் கட்ட வேண்டியிருந்தது. மட்காவில்கூட வைத்த ரூபாயோடு போகும்.

கடன் ஆப்கள் தனி ரகம். ஐந்து நிமிடத்தில் 5,000, ஏழு நாளில் திருப்பு, தவறினால் போனிலிருக்கும் எல்லோருக்கும் அவமானச் செய்தி. 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டது. நோட்டில் அதற்கு நான் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி 'எஸ்' அனுப்பினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எஃப்டியைத் தொடவில்லை. சங்கிலியை வைக்கவில்லை, ஆனால் மதினி ஒரு நிபந்தனை போட்டார்: தள்ளிய தவணையைக் கட்டி முடிக்கிறவரை போன் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் தன் தலைமாட்டில். நகைக்கடன் செய்யும் வேலையை மதினியே எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போட்ட கணக்கில் ஒன்று அவருக்குச் சாதகமாகப் பிசகியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய கடன் என்பதால் அவருடைய வட்டி ரெப்போவோடு கட்டப்பட்டிருந்தது. ரெப்போ 1.15 சதவீதம் இறங்கியதும் அதுவும் இறங்கியது. 20 லட்சத்துக்கு 8 சதவீதம் 6.85 ஆனால் தவணை மாதம் 1,400 ரூபாய் குறையும். அதே கட்டடத்தில் பழைய முறையில் கடன் வாங்கியிருந்த இன்னொருவருக்கு ஒரு வருஷமாகியும் கால் சதவீதம்தான் இறங்கியது. புது முறைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்து, சிறு கட்டணம் கட்ட வேண்டும். வங்கி தானாக வந்து சொல்லாது. பெருந்தொற்றுக் காலத்து வழிகளிலேயே மிக லாபமானது இதுதான் என்பது என் எண்ணம், அதற்குத்தான் விளம்பரமே இல்லை. ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 வரை திரும்ப ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறங்கின காலத்தில் பழைய தவணையையே கட்டிவந்தவர்களுக்கு அந்த ஏற்றம் அவ்வளவாக வலிக்கவில்லை.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை. மறுபடி அடுப்பு அணைந்தது. அண்ணாச்சி குறுஞ்செய்திக்காகக் காத்திருந்தார், வரவில்லை. இந்த முறை எல்லோருக்கும் பொதுவான தள்ளிவைப்பு இல்லை. மே 5 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தது கடன் சீரமைப்பு மட்டும், தேவைப்பட்டவர் தானே வங்கிக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும், வருமானம் நின்றதைக் காட்ட வேண்டும். முதல் முறை ஒரு வார்த்தையில் கிடைத்தது, இரண்டாம் முறை ஒரு கட்டுக் காகிதம் கேட்டது. அடுத்த முறை எப்படி இருக்குமோ, முதல் முறை மாதிரி இருக்குமென்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்குள் எஃப்டி ஒன்றரை லட்சம் அப்படியே இருந்ததால் அவர் விண்ணப்பிக்கவில்லை. மூன்று தவணையை அதிலிருந்து கட்டினார். ஒரு வருஷம் முன்பு அதை உடைக்கவிடாமல் தடுத்தது நான் சொன்னவற்றிலேயே உருப்படியானது. அப்போது நான் நினைத்தது ஆஸ்பத்திரியை, உதவியது வேறொன்றுக்கு.

2021 நவம்பரில் ஒரு நாள் காலை வங்கிக் கவுன்ட்டரிலிருந்தே எனக்குப் போன் செய்தார். முந்தைய ஆண்டு தள்ளிய மூன்று தவணைக்கான தொகையைக் கட்டப் போயிருக்கிறார், வட்டியோடு 55,000 சொச்சம்.

"தம்பி, இந்தப் பொண்ணு கேக்கா, மாசத் தவணையைக் குறைக்கவா, வருசத்தைக் குறைக்கவான்னு. எதைச் சொல்ல?"

"வருசத்தை, அண்ணாச்சி."

"தவணை குறைஞ்சா நல்லதுதானல?"

"வருசத்தைன்னு சொல்லுங்க. எழுதியும் வாங்கிக்கோங்க."

பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போன் துண்டானது.